மாமா வந்திருக்காரா, வந்திருந்தாரா?

கேள்வி: மேடம், நான் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இரண்டு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர்களோடு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவர்களோடு, மெயிலில் பேசி ஆர்டரைக் கவனிப்பது என் வேலை. பன்னிரண்டாவது வரை தாராபுரம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். போன மாதம் எங்கள் இங்கிலாந்து பையருக்கு "வீ ஹேட் சென்ட் தி சைஸ் செட் சாம்பிள்ஸ் ஆன் மண்டே" என்று, எல்லா சைஸிலும் தைத்த மாதிரிகளைப் பற்றி மெயில் போட்டேன். அந்த அம்மா உடனே, "அப்புறம் என்ன ஆச்சு, பார்சல் திரும்பி வந்துவிட்டதா?" என்று கேட்டு எழுதிவிட்டார். சாம்பிள் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் மேனேஜர், "ஹேட் போடாதே, ஹேவ் போடு" என்றார். அடுத்த தடவை "வீ ஹேவ் சென்ட் தி லேப் டிப்ஸ் எஸ்டர்டே" என்று எழுதினேன் (லேப் டிப் என்றால் நிறம் பார்க்க அனுப்பும் சாயத் துணித் துண்டு). பக்கத்து சீட்டில் இருக்கும் கான்வென்டில் படித்த பெண், அதுவும் தப்பு என்று சிரிக்கிறாள். போதாக்குறைக்கு அந்த பையரே ஒரு மெயிலில் "வீ ஹேவ் ஹேட் நோ அப்டேட் சின்ஸ் தர்ஸ்டே" என்று எழுதியிருக்கிறார். ஹேவும் ஹேடும் ஒட்டிக்கொண்டு வருமா, இல்லை அவருக்கும் தெரியாதா? பன்னிரண்டு டென்ஸும் எனக்கு மனப்பாடம். மெயில் எழுத உட்கார்ந்தால் எதுவும் கைக்கு வருவதில்லை.
– திருப்பூர் வாசகி

பதில்: உங்கள் பையர் மேல் தப்பில்லை. நீங்கள் எழுதிய வரியைப் படித்தார், மிச்சக் கதைக்குக் காத்திருந்தார், மிச்சம் வரவில்லை. அதனால் கேட்டுவிட்டார்.

உங்கள் மேலும் பெரிய தப்பில்லை. நீங்கள் எழுதிய இரண்டு வரியும் அப்பழுக்கில்லாத தமிழ். சொற்கள் மட்டும்தான் ஆங்கிலம். "திங்கக்கிழமை அனுப்பியிருந்தோம்", "நேத்து அனுப்பியிருக்கோம்" என்று மனசு சொன்னதைக் கை அப்படியே எழுதிவிட்டது. டென்ஸ் அட்டவணையை எத்தனை தடவை உருப்போட்டாலும் இந்தச் சிக்கல் தீராததற்குக் காரணம், அந்த அட்டவணையில் தமிழுக்கு இடமே இல்லை என்பதுதான். கை தடுக்கும் இடம் தமிழில் இருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு உங்கள் வீட்டு வாசலுக்குப் போவோம்.

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறீர்கள். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "மாமா வந்திருக்காரு" என்கிறார். என்ன செய்வீர்கள்? துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "வாங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவீர்கள். அதே அம்மா, "மாமா வந்திருந்தாரு" என்று சொன்னால்? "அடடா, எப்பப் போனாரு?" என்பீர்கள். மாமா போய்விட்டார் என்று அம்மா சொல்லவேயில்லை. 'வந்து' என்பது இரண்டிலும் அதே 'வந்து'தான். பின்னால் ஒட்டியிருக்கும் 'இரு'தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வந்ததன் பலன் இன்னும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றால் 'இருக்காரு'. உட்கார்ந்திருந்து எழுந்து போய்விட்டது என்றால் 'இருந்தாரு'.

ஆங்கிலத்து 'ஹேவ்' நம் 'இருக்காரு'வுக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு. "அங்கிள் ஹேஸ் கம்" என்றால் அங்கிள் உள்ளே இருக்கிறார். இதை நம்பி, 'ஹேட்' என்பது நம் 'இருந்தாரு'வுக்கு உடன்பிறப்பு என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம். "மாமா நேத்து வந்திருந்தாரு" என்பதற்கு ஆங்கிலம் "அங்கிள் கேம் எஸ்டர்டே", அவ்வளவுதான். சப்பென்று ஒரு 'கேம்'. அதில் 'ஹேட்' கிடையாது.

'ஹேட்' தனியாக நடமாடாது. அதற்குக் கடந்த காலத்திலேயே இன்னொரு சம்பவம் துணைக்கு வேண்டும். அந்தச் சம்பவத்துக்கும் முன்னால் நடந்ததைச் சொல்வதற்கு மட்டுமே அது பிறந்திருக்கிறது. "நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள மாமா கிளம்பிட்டாரு" – இதில் நீங்கள் போனது ஒன்று, மாமா கிளம்பியது அதற்கும் முந்தியது. "வென் ஐ ரீச்டு ஹோம், அங்கிள் ஹேட் லெஃப்ட்." இங்கே ஹேட் பொருந்துகிறது. துணைச் சம்பவம் அதே வரியில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, முந்தைய வரியில் இருந்தாலும் போதும். ஆனால் எங்காவது இருக்க வேண்டும். "வீ ஹேட் சென்ட் தி சாம்பிள்ஸ் ஆன் மண்டே" என்று நிறுத்தினால், திங்கட்கிழமைக்கு அப்புறம் என்னவோ ஆகிவிட்டது, சொல்லத் தயங்குகிறார்கள் என்றுதான் ஆங்கிலக் காது கேட்கும். பார்சல் திரும்பியிருக்குமோ என்று அந்த அம்மா பயந்தது அதனால்தான்.

நம்மவர்கள் ஹேட் போடுவதற்கு இன்னொரு ரகசியக் காரணமும் உண்டு. "திங்கக்கிழமையே அனுப்பியிருந்தோமே!" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கம் குறையில்லை, நீங்கள்தான் பார்க்கவில்லை என்கிற தொனி அதில் ஒளிந்திருக்கிறது. ஆபீஸ் மெயில்களில் வரும் "ஐ ஹேட் மெயில்டு யு லாஸ்ட் வீக்" முக்கால்வாசி இந்த 'அனுப்பியிருந்தேனே' ரகம். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குப் போகிற மெயில் என்றால் படிப்பவருக்கும் அந்த 'ஏ' காதில் விழும், வேலை நடந்துவிடும். கடல் தாண்டினால் அந்தத் தொனி போய்ச் சேராது. ஹேட் மட்டும் போய்ச் சேரும்.

அதற்காக உங்கள் மேனேஜர் சொன்ன மாதிரி ஹேடை அடியோடு தள்ளிவைத்துவிடாதீர்கள். உங்கள் தொழிலில் அது காசு காப்பாற்றும் சொல். பன்னிரண்டாயிரம் பீஸ் ஆர்டர் என்று வையுங்கள். நடுவில் பையர் எட்டாயிரமாகக் குறைத்துவிடுகிறார். நூலோ முன்பே வாங்கியாகிவிட்டது. மிச்ச நூலுக்கு யார் பொறுப்பு என்று பேச்சு வருகிறது. நீங்கள் "வென் யு ரெட்யூஸ்டு தி குவான்டிட்டி, வீ ஆர்டர்டு தி யார்ன்" என்று எழுதினால் என்ன அர்த்தம் தெரியுமா? நீங்கள் குறைத்தீர்கள், அதைப் பார்த்துவிட்டு நாங்கள் போய் நூல் வாங்கினோம்! தலையில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட மாதிரி. "வென் யு ரெட்யூஸ்டு தி குவான்டிட்டி, வீ ஹேட் ஆர்டர்டு தி யார்ன்" என்று ஒரு ஹேட் சேர்த்தால் கதை மாறிவிடுகிறது. நீங்கள் குறைப்பதற்கு முன்பே நாங்கள் நூலுக்குச் சொல்லிவிட்டோம். 'ஆல்ரெடி' ஒன்றும் நடுவில் போட்டுவிட்டால் இன்னும் உறைக்கும். எது முந்தி, எது பிந்தி என்பதில் பணம் தொங்கும்போதெல்லாம் ஹேடைக் கூப்பிடுங்கள். வெறும் தகவல் சொல்லும்போது கூப்பிடாதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது வரி, பக்கத்து சீட்டுப் பெண் சிரித்த வரி. அவள் சொன்னது சரி. சிரித்தது தேவையில்லை.

"நேத்து அனுப்பியிருக்கோம்" தமிழில் குற்றமில்லை. நேற்று நடந்தது, அதன் பலன் இன்றைக்கு இருக்கிறது, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்தக் கட்டு நிற்காது. ஏன் என்று தெரிந்துகொள்ள இந்த ஹேவ் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தின் ஆதி காலத்தில் 'ஹேவ்' என்றால் கையில் வைத்திருப்பது, அவ்வளவுதான். "ஐ ஹேவ் தி லெட்டர் ரிட்டன்" என்றால், எழுதி முடித்த நிலையில் கடிதம் என் வசம் இருக்கிறது என்று பொருள். காலப்போக்கில் 'ரிட்டன்' முன்னால் நகர்ந்து "ஐ ஹேவ் ரிட்டன் தி லெட்டர்" ஆகி, கடிதம் கையைவிட்டுப் போன பின்னும் ஹேவ் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை. ஹேவ் என்றாலே இன்றைய கையிருப்புக் கணக்கு. கையிருப்பைச் சொல்லும்போது நேற்றைய தேதியைப் போடுவதில்லை. இது உலக நியாயம் ஒன்றுமில்லை. ஜெர்மன்காரர்களிடமும் இதே ஹேவ் உண்டு, அவர்கள் 'நேற்று' சேர்த்துத்தான் பேசுகிறார்கள். ஆங்கிலம்தான் இதில் கறார்.

தமிழுக்கு 'வைத்திரு' என்கிற வழி தோன்றவில்லை, 'இரு' தோன்றியது. வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் நம் வழி இருந்தது. போவது, வருவது, எழுவது மாதிரியான வினைகளுக்கு ஹேவ் போடாமல் 'இஸ்' போட்டார்கள். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் உயிர்த்தெழுந்த இயேசுவைப் பற்றி "ஹி இஸ் ரிசன்" என்றுதான் இருக்கிறது. ஈஸ்டர் அன்று இன்றைக்கும் அப்படியே சொல்கிறார்கள். எழுந்து+இருக்கிறார். சொல்லுக்குச் சொல் தமிழ்! பிறகு ஹேவ் வந்து எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது.

இந்தத் தேதி விவகாரத்தில் நானே மாட்டியிருக்கிறேன். படிப்பு முடிந்து ஒரு கல்லூரி வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது, "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் எம்.ஏ. இங்கிலிஷ் இன் 1991" என்று எழுதியிருந்தேன். ஆங்கில ஆசிரியை வேலைக்கு, ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவள்! நேர்முகத்தில் இருந்த வயதானவர் ஒருவர் என் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். '1991' மேல் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். "வருஷம் தப்பா சார்?" என்று கேட்டேன். "வருஷம் சரி. ஹேவ் சரி. ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்காது. ஒண்ணு ஹேவை எடும்மா, இல்ல வருஷத்தை எடு" என்றார். வேலையைக் கொடுத்துவிட்டார்கள். இந்த முப்பது சொச்சம் வருஷத்தில் நான் பார்த்த பயோடேட்டாக்களில் எத்தனையோ தாள்களில் அதே வரியைப் பார்த்துவிட்டேன். வருஷம் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது.

அவர் சொன்னதை உங்கள் லேப் டிப்புக்குப் பொருத்துங்கள். "வீ ஹேவ் சென்ட் தி லேப் டிப்ஸ்." அல்லது "வீ சென்ட் தி லேப் டிப்ஸ் எஸ்டர்டே." எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, ஆன் மண்டே, இன் 2023 – முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் எது வந்தாலும் ஹேவ் வெளியே. டுடே, திஸ் வீக், சோ ஃபார் மாதிரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் என்றால் ஹேவ் இருக்கலாம். "வீ ஹேவ் சென்ட் த்ரீ பார்சல்ஸ் திஸ் வீக்" சரி. வாரம் இன்னும் தீரவில்லை.

இரண்டில் எதை எழுதுவது என்று குழம்பினால், பையர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். "லேப் டிப் என்ன ஆச்சு?" என்று கேட்டால் அவருக்கு வேண்டியது இன்றைய நிலவரம்: வீ ஹேவ் சென்ட் தெம், கூரியர் நம்பர் கீழே. "எப்போது அனுப்பினீர்கள்?" என்று கேட்டால் வேண்டியது தேதி: வீ சென்ட் தெம் ஆன் மண்டே. இரண்டும் சொல்ல ஆசை என்றால் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். ஒரே வாக்கியத்தில் திணிக்கும்போதுதான் விபத்து.

அமெரிக்க பையர் இருந்தால் ஒரு சின்ன எச்சரிக்கை. அவர்கள் ஹேவ் விஷயத்தில் கொஞ்சம் கஞ்சம். இங்கிலாந்துக்காரர் "ஹேவ் யு ரிசீவ்ட் இட் யெட்?" என்று கேட்குமிடத்தில் அமெரிக்கர் "டிட் யு ரிசீவ் இட் யெட்?" என்று கேட்பார். "ஐ ஹேவ் ஜஸ்ட் சென்ட் இட்" என்பதை "ஐ ஜஸ்ட் சென்ட் இட்" என்பார். அவருக்கு இலக்கணம் தெரியவில்லை என்று நினைக்க வேண்டாம், அது அந்த ஊர் வழக்கு. ஜூம் மீட்டிங்கில் அவர் "வீ ஹேவ் காட்டன்" என்று ஆரம்பித்தால் துணியைப் பற்றிப் பேசுகிறார் என்று திருப்பூர்க்காரர்கள் துள்ளிவிடக் கூடாது. 'கெட்' என்பதன் மூன்றாம் வடிவம் இங்கிலாந்தில் 'காட்', அமெரிக்காவில் 'காட்டன்'.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று 'இல்லை' சமாசாரம். தமிழில் 'அனுப்பினேன்', 'அனுப்பியிருக்கேன்', 'அனுப்பிட்டேன்', 'அனுப்பியாச்சு' என்று வகைவகையாக வைத்திருக்கிறோம். எதிர்மறைக்கு வந்தால் பேச்சில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: 'அனுப்பலை'. "பணம் வரலை" என்றால் அந்த அத்தியாயம் முடிந்ததா, இன்னும் எதிர்பார்க்கிறோமா என்று வினை சொல்லாது. ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. "வீ டிட் நாட் ரிசீவ் தி பேமென்ட்" என்றால் நடந்து முடிந்த ஒரு குறையைப் பதிவு செய்கிற மாதிரி, கொஞ்சம் போலீஸ் புகார் வாடை அடிக்கும். "வீ ஹேவ் நாட் ரிசீவ்ட் தி பேமென்ட் யெட்" என்றால் கதவு திறந்திருக்கிறது, அனுப்பினால் வாங்கிக்கொள்கிறோம். எல்சி (பணத்துக்கு வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்) தேதி நெருங்கும் நேரத்தில் எது உதவும் என்று உங்களுக்கே தெரியும். சோதித்துப் பார்க்க வழி: தமிழ் வாக்கியத்தில் 'இன்னும்' சேர்த்துச் சொல்லுங்கள். "இன்னும் வரலை" என்பது பொருந்தினால் ஹேவ் நாட். "அன்னைக்கு வரலை" என்பது பொருந்தினால் டிட் நாட்.

போனவர்கள் விஷயத்தில் தமிழ் நம்மைக் கைவிடும் இடம் ஒன்று உண்டு. "மேனேஜர் சென்னைக்குப் போயிருக்காரு" என்றால் இப்போது அங்கே இருக்கிறார். "மேனேஜர் சென்னைக்கு நாலு தடவை போயிருக்காரு" என்றால் போய்த் திரும்பிய அனுபவம். இரண்டுக்கும் ஒரே 'போயிருக்காரு'. ஆங்கிலம் முதலாவதற்கு 'ஹேஸ் கான்' என்றும் இரண்டாவதற்கு 'ஹேஸ் பீன்' என்றும் வைத்திருக்கிறது. "தி மேனேஜர் ஹேஸ் கான் டு சென்னை" – ஆள் சீட்டில் இல்லை. "ஹேஸ் பீன் டு சென்னை" – போய்விட்டு வந்தவர், சீட்டில்தான் இருக்கிறார். இன்டர்வியூவில் "ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர் டூ டைம்ஸ்" என்று சொல்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். இன்னும் சிங்கப்பூரில் இருப்பவர் எதிரே எப்படி உட்கார்ந்திருக்கிறார்? "ஐ ஹேவ் பீன் டு சிங்கப்பூர் ட்வைஸ்" என்று இருக்க வேண்டும்.

அனுபவம் சொல்லும் இந்த ஹேவ் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் என்பது இன்னொரு விசித்திரம். "காந்தி மதுரைக்கு வந்திருக்காரு" என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம். 1921 செப்டம்பரில் மதுரையில்தான் அவர் மேலாடையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறினார். இதை "காந்தி ஹேஸ் விசிட்டட் மதுரை" என்று ஆங்கிலத்தில் போட்டால் காந்தி இன்னும் உயிரோடு இருக்கிறார், மறுபடி வந்தாலும் வருவார் என்கிற மாதிரி ஒலிக்கும். "காந்தி விசிட்டட் மதுரை" என்றுதான் எழுத வேண்டும். நம் ஊரில் "இன்ன தலைவர் இங்கே வந்திருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் வைக்கும் பலகைகள் பலவற்றில் இந்தப் பிசகைப் பார்க்கலாம். மறைந்த தாத்தாவைப் பற்றி எழுதும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும்.

இப்போது உங்கள் பையரின் 'ஹேவ் ஹேட்'. அவர் சுத்தமாக எழுதியிருக்கிறார். இதைப் புரிந்துகொள்ளத் தமிழரைவிடத் தோதான ஆள் கிடையாது. "நான் அங்கே இருந்திருக்கேன்" என்று நீங்கள் சொல்வதில்லையா? அதில் 'இரு' இரண்டு தடவை வருகிறது. முதல் 'இரு' உண்மையான வினை, வாசம் செய்தது. இரண்டாவது 'இரு' வெறும் எடுபிடி, காலம் காட்ட வந்தது. யாருக்காவது அது தட்டச்சுப் பிழை என்று தோன்றியிருக்கிறதா? 'ஹேவ் ஹேட்' அதேதான், வரிசை மட்டும் தலைகீழ். முன்னால் நிற்கும் ஹேவ் எடுபிடி. பின்னால் நிற்கும் ஹேட்தான் நிஜ வினை, 'பெற்றது' என்ற பொருளில். "வீ ஹேவ் ஹேட் நோ அப்டேட்" – எங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை, இன்னும் காத்திருக்கிறோம். 'ஹேட் ஹேட்' கூட வரும், பயப்படாதீர்கள், அதே கணக்குதான்.

அந்த வரியில் இருக்கும் 'சின்ஸ் தர்ஸ்டே'யையும் விட்டுவிடக் கூடாது. "ஐ ஆம் வர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று நம்மவர்கள் எழுதாத நாளில்லை. இதில் இரண்டு பிசகு. ஒன்று, சின்ஸுக்கும் ஃபாருக்கும் உள்ள வேறுபாடு. அது தமிழிலேயே பளிச்சென்று இருக்கிறது. 'வியாழக்கிழமையிலேர்ந்து', 'காலையிலேர்ந்து', '2022-லேர்ந்து' என்று 'லேர்ந்து' வந்தால் சின்ஸ். 'ரெண்டு வருஷமா', 'மூணு நாளா' என்று 'ஆ'வில் முடிந்தால் ஃபார். புத்தகத்தில் இதை 'பாயின்ட் ஆஃப் டைம்', 'பீரியட் ஆஃப் டைம்' என்று எழுதி மிரட்டுவார்கள். உங்கள் பாட்டிக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும், பெயர்தான் தெரியாது.

இரண்டாவது பிசகு உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. தமிழில் பிசகில்லை, அப்படியே பெயர்த்தால்தான் பிசகு. "இரண்டு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நிகழ்காலம். ஆங்கிலத்தில் "ஐ ஆம்" என்றால் இப்போதைய நிலை மட்டும், பின்னால் இரண்டு வருஷத்தை இழுத்துக்கொண்டு அது வராது. அந்த நீளத்தைத் தாங்க ஹேவ் வேண்டும்: "ஐ ஹேவ் பீன் எ மெர்ச்சண்டைசர் ஃபார் டூ இயர்ஸ்." இதை "ஐ வாஸ் எ மெர்ச்சண்டைசர் ஃபார் டூ இயர்ஸ்" என்று மாற்றிவிட்டால் வேலையை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தமாகிவிடும். சம்பள உயர்வு கேட்டு எழுதும் கடிதத்தில் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தமிழே உங்களுக்குக் கைகொடுக்கும் இடமும் நிறைய. "அனுப்பியிருக்கணும்" – ஷுட் ஹேவ் சென்ட். "அனுப்பியிருக்கலாம்" – குட் ஹேவ் சென்ட். "அனுப்பியிருப்பாங்க" – மஸ்ட் ஹேவ் சென்ட். இங்கெல்லாம் 'இரு' எங்கே வருகிறதோ அங்கே ஹேவைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம். இங்கிலாந்துக்காரர்களே இதைக் காதால் கேட்டு 'ஷுட் ஆஃப்' என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை வராது.

உங்கள் மெயிலை இப்போது திருத்தி வைத்திருக்கிறேன். முதல் மெயில்: "வீ சென்ட் தி சைஸ் செட் சாம்பிள்ஸ் ஆன் மண்டே." இரண்டாவது: "வீ ஹேவ் சென்ட் தி லேப் டிப்ஸ். தே லெஃப்ட் திருப்பூர் எஸ்டர்டே." பையரின் அந்த 'சின்ஸ் தர்ஸ்டே' மெயிலுக்கு இன்னும் பதில் போகவில்லை என்றால், "சாரி, யு ஹேவ் நாட் ஹேட் அன் அப்டேட் ஃப்ரம் அஸ்" என்று ஆரம்பித்து நிலவரத்தை எழுதுங்கள். அவர் சொல்லையே அவருக்குத் திருப்பித் தருகிறீர்கள், அவருக்கும் பிடிக்கும்.

பக்கத்து சீட்டுப் பெண் மத்தியானம் உங்களைப் பார்த்து "ஹேட் லஞ்ச்?" என்று கேட்பாள், பாருங்கள். துணைச் சம்பவம் எதுவும் இல்லாமல் ஹேட் எப்படி வந்தது என்று அவளை மடக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், அவள்தான் ஜெயிப்பாள். அது "ஹேவ் யு ஹேட் லஞ்ச்?" என்பதில் தலையை வெட்டிய மிச்சம், உங்கள் பையர் எழுதின அதே ஹேட். தமிழில் "சாப்டாச்சா?" "சாப்டாச்சு" என்று பதில் சொல்லிவிட்டு டப்பாவைத் திறங்கள்.